ஓடாவியின் விரல்கள்: கொழும்புத் தளபாடத் தொழில் பற்றிச் சில குறிப்புகள்

கொழும்பு நூதனசாலை கட்டிய கதை நம்மவர்களுக்குப் பழக்கமானது. ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் எழுந்து, 1877 ஜனவரி 1ஆம் திகதி திறந்து விடப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர் ஜேம்ஸ் ஸ்மிதர். கட்டி முடித்தவர் அரசி மரைக்கார் வாப்பிச்சி மரைக்கார். என்ன கௌரவம் வேண்டும் என்று ஆளுநர் கேட்க, தனக்கென்று ஒன்றும் வேண்டாம், ஜும்ஆ நாளில் நூதனசாலை மூடியிருந்தால் போதும் என்று மரைக்கார் சொன்னாராம். நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் அது மூடித்தான் இருந்தது. நமது மலர்களிலும் மேடைகளிலும் இக்கதை திரும்பத் திரும்ப வரும். வரட்டும், நல்ல கதைதான்.

இக்கதைக்கு ஒரு வால் உண்டு. அதை நாம் அதிகம் சொல்வதில்லை. நூதனசாலையின் மரவேலைக்குப் பொறுப்பாயிருந்த தச்சரிடமும் ஆளுநர் அதே கேள்வியைக் கேட்டதாகவும், அவர் உள்ளூர்ப் பட்டமொன்றை விரும்பியதாகவும் சொல்வார்கள். வாப்பிச்சி மரைக்காரின் பெயர் நமது நினைவில் பல வழிகளில் நிலைத்துவிட்டது. 1892இல் ஸாஹிரா தொடங்கிய கதையில் அவர் வருகிறார். பேரர் சேர் ராஸிக் பரீதின் அரசியல் வாழ்க்கையிலும் வருகிறார். தச்சரோ பட்டம் கேட்டவர் என்ற ஒரு வரியோடு போய்விட்டார்.

எனக்கு இந்த வால்தான் பெரிதாகப் படுகிறது. காரணம் சொந்தமானது. எங்கள் வாப்பாவுக்கு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு தளபாடக் கடை இருந்தது. பட்டறை கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் போகும் ஓர் ஒழுங்கையில். வாப்பா வபாத்தான பிறகு அவருடைய கணக்குப் புத்தகங்கள் என் கைக்கு வந்தன. நீலக் கோடு போட்ட தடித்த புத்தகங்கள். தேக்கு, முதிரை, பலா, நெடுன், மகோகனி என்று மரம் இனம் இனமாக, எத்தனை அடி, எந்த மரக்காலையில் வாங்கியது, ஈரமா காய்ந்ததா என்பது வரை அழகான கையெழுத்தில் இருக்கிறது. வேலை செய்தவர்களுக்கு மட்டும் "ஆள் 5" என்றுதான் இருக்கிறது. மரத்துக்குப் பெயர் உண்டு, ஆளுக்கு எண்ணிக்கை. 1981ஆம் ஆண்டுப் புத்தகத்தில் ஒரு வாரம் "ஆள் 5" என்பது "ஆள் 4" ஆகிறது. பக்கத்தில் "ஆஸ்பத்திரிச் செலவு" என்று ஒரு வரி. அந்த வரியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குச் சற்றுச் சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது.

தளபாடத்தின் வரலாற்றை நம் வாயிலிருந்தே தொடங்கலாம். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு ஆகிய நான்கும் போர்த்துக்கேயர் தந்த சொற்கள். லாச்சி ஒல்லாந்தச் சொல், கந்தோரும் அப்படியே. கட்டில், பெட்டி, தொட்டில், முக்காலி தமிழ். பாயில் இருந்து, பெட்டியில் உடுப்பை மடித்து வைத்துப் பழகிய வீடுகளுக்குள் கடல் வழி வந்தவர்கள் எதையெதைக் கொண்டுவந்தார்கள் என்பதை இந்தப் பட்டியலே சொல்லிவிடும். தச்சரையும் மேசனையும் நாம் "பாஸ்" என்று கூப்பிடுகிறோமே, அதுவும் ஒல்லாந்தம்தான். எசமான் என்று பொருள். ஆங்கிலத்தில் மேலதிகாரியைக் குறிக்கும் "பொஸ்" என்பதற்கும் அதே வேர். கந்தோரில் கதிரையில் இருப்பவர் பொஸ், அந்தக் கதிரையைச் செய்தவர் பாஸ். எந்தச் சொல்லுக்கு எவ்வளவு மரியாதை என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

நம்மவர் பேச்சில் தச்சருக்கு ஓடாவி என்ற பெயரும் உண்டு. மரக்கலம் கட்டுகிறவருக்கும் அதே பெயர்தான். மரைக்காயர், மரைக்கார் என்ற பெயர்களை மரக்கலத்தோடு சேர்த்துப் பார்க்கிறவர்களும், சம்மான்காரர் என்பதைச் சம்பான் என்ற ஓடத்தோடு சேர்க்கிறவர்களும் நம்மிடையே நிறைய. கலத்தில் ஏறி வந்தவர்களைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டோம். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகரின் இனவரலாறு பற்றி முன்வைத்த கருத்துக்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுப்பு எழுதினார். அது நாங்கள் யார் என்ற வாதம், அன்றைய அரசியலுக்குத் தேவையான வாதம். அதற்குப் பிறகும் வம்சத்தையும் வணிகத்தையும் சுற்றியே நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பது என் குறை. கலத்தைக் கட்டியவரை யாரும் தேடவில்லை.

1656இல் கொழும்பு ஒல்லாந்தர் கைக்குப் போனது. அவர்களுடைய கம்பனிப் பட்டறைகளில் ஐரோப்பியக் கைவினைஞரின் கீழ் உள்ளூர்க் கைகளும் அடிமைகளின் கைகளும் வேலை செய்தன. அக்காலத் தளபாடங்களை முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் நூதனசாலையின் பணிப்பாளராயிருந்த ஜோசப் பியர்சன். 1920களின் இறுதியில் அரச ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில், இலங்கையில் இருந்த ஐரோப்பியக் கதிரைகளைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அவற்றைக் காண விரும்புகிறவர்கள் புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் 1982இல் திறந்த ஒல்லாந்தர் நூதனசாலைக்குப் போகலாம். கொட்டாஞ்சேனைக்காரருக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. 1749இல் அடிக்கல் நாட்டி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த வுல்வெண்டால் தேவாலயம் மேட்டின் மேல் நிற்கிறது. கருங்காலியிலும் கலமந்தரிலும் செதுக்கிய கதிரைகள் அங்கே இருக்கின்றன.

அவற்றை எனக்குக் காட்டியவர் எங்கள் பட்டறையின் தலைமை ஓடாவி. எல்லாரும் அவரை ஓடாவி நானா என்றே கூப்பிடுவோம். பழைய சோனகத் தெருப் பக்கம் வீடு. தொழில் படித்தது மொரட்டுவையில், ஒரு சிங்களக் கத்தோலிக்க பாஸிடம். பத்து வயதில் கோச்சி ஏறிப் போய், அவருடைய வீட்டிலேயே சாப்பிட்டுப் படுத்து, பதினெட்டு வயதில் திரும்பி வந்தவர். மரத்தின் பெயர்களைச் சிங்களத்திலும் அளவுகளைத் தமிழிலும் திட்டுவதை இரண்டிலும் செய்வார்.

அன்றைக்குத் தேவாலயத்தில் நான் கதிரை முதுகின் பூவேலையைப் பார்த்துக்கொண்டு நிற்க, நானா தரையில் குந்தி அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல பாக்கிறது வாங்குற ஆள். கீழ பாக்கிறதுதான் செய்ற ஆள். குந்து மகன்" எண்டார்.

அடியில் அவர் காட்டியது பொருத்துகளை. ஒரு சட்டத்தின் நுனியை நாக்குப் போலச் சீவி, மற்றச் சட்டத்தில் அதே அளவுக்கு உளியால் பொளித்த வாய்க்குள் இறக்கி, இரண்டையும் ஊடுருவி ஒரு மரமுளை அடிப்பது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாக்கில் போடும் துளையும் வாயில் போடும் துளையும் நேருக்கு நேர் இருக்கக் கூடாது. நாக்கின் துளையை அரை நூல் தோள் பக்கமாகத் தள்ளிப் போட வேண்டும். முளை உள்ளே போகப் போக நாக்கை இழுத்து இறுக்கும். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று, அதில் பாதி. கூடினால் முளை முறியும், குறைந்தால் பிடிக்காது. கடற்கரைக் கொழும்பில் இரும்பாணி அடித்தால் உப்புக் காற்றில் துருவேறும். மரத்திலுள்ள துவர் இரும்போடு சேர்ந்து கறுப்பாய்க் கசியும். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குக் கீழே உள்ள வீடுகளில் பழைய அலுமாரிகளின் கதவு ஓரங்களைப் பாருங்கள், மை கொட்டினது போல் இருக்கும். முளை அடித்த வேலைக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

கலமந்தர் மரத்தை நானா தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டார். தேவாலயக் காவலாளி பார்த்துக்கொண்டிருந்ததால் தொடவில்லை. இலங்கைக்கே உரிய கருங்காலி இனம் அது. கறுப்பும் கோப்பி நிறமும் கோடு கோடாக ஓடும். எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட தமது நூலிலேயே அந்த மரம் அருகிப் போனதை எழுதியிருக்கிறார். எங்கள் பட்டறைக்கு அதில் ஒரு சிம்புகூட வந்ததில்லை. நாங்கள் பெரும்பாலும் வேலை செய்தது பலாவிலும் தேக்கிலும். 1951ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு பலாவையும் ஈரப்பலாவையும் பெண் பனையையும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. ஆகவே உடைக்கிற பழைய வீடுகளின் வளையும் நிலையும் எங்களுக்குப் பலாச் சுரங்கம். அந்த மரம் காய்ந்து முடிந்தது, இனி நெளியாது. ஆனால் உள்ளே யாரோ எப்போதோ அடித்த ஆணி இருக்கும். சீவுளி போடுவதற்கு முன் நானா உள்ளங்கையால் பலகை முழுவதும் தடவிப் பார்ப்பார். ஆணித் தலை கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் கைக்குத் தெரியும் என்பார்.

அவருடைய கற்பித்தலில் பாதுகாப்பு என்ற சொல் ஒரு நாளும் வந்ததில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் கற்பித்ததில் பாதி அதுதான். புதிதாக வருகிற பையனுக்கு முதல் மாதங்களில் சாணைக்கல்லும் எண்ணெயும் மட்டுமே. உளி தீட்டு, சீவுளி அலகு தீட்டு, வாய்ச்சி தீட்டு. பையன்கள் அலுத்துப் போவார்கள். "மொட்ட உளிதான் கையக் கடிக்கும். கூரான உளி சென்ன இடத்துல நிக்கும்" என்பது நானாவின் வாதம். உண்மைதான். மொட்டை உளியைத் தள்ள இரட்டிப்புப் பலம் வேண்டும். அது வழுக்கும்போது அந்தப் பலம் முழுவதும் போகிற பக்கத்தில் இருப்பது மற்றக் கை. அதனால் உளி பிடித்தால் இரண்டு கையும் கூரின் பின்னால்தான் இருக்க வேண்டும். பலகையைப் பிடிக்கக் கால் இருக்கிறது, முட்டுக்கட்டை இருக்கிறது. வாய்ச்சி போடும்போது சாரனைத் தூக்கிக் கட்டி, கால் விரல்களை மரத்தின் விளிம்புக்கு உள்ளே மடக்கு. முதிரை சீவுகிற நாளில் முழங்கை வரை தேங்காய் எண்ணெய் பூசு. முதிரைத் தூள் சிலருடைய தோலைப் பொங்க வைக்கும். அதை வைத்தியர்களும் நூறாண்டுக்கு முன்பே பதிந்திருக்கிறார்கள். நானாவுக்கு அதைச் சொன்னது அவருடைய மொரட்டுவை பாஸ்.

கைக்கருவிக்கு ஓர் இரக்கம் உண்டு. அது மனிதனின் வேகத்தில்தான் ஓடும். பிழை செய்தால் வெட்டு விழும், இரத்தம் வரும், துணி சுற்றிக்கொண்டு பின்னேரம் வேலைக்கு வரலாம். பிழையிலிருந்து படிக்க அவகாசம் இருந்தது. நானாவின் இடக்கையில் அப்படிப் படித்த பாடங்கள் ஏழெட்டு வெள்ளைக் கோடுகளாக இருந்தன. விரல்கள் பத்தும் இருந்தன.

1977இல் பொருளாதாரம் திறந்து விடப்பட்டது. இறக்குமதிச் சாமான் குவிந்தது. பழைய சோனகத் தெருவின் ஹாட்வெயார் கடைகளில் அதுவரை காணாத மின்கருவிகள் வந்து இறங்கின. தளபாடத்துக்கும் கேள்வி கூடியது; மத்திய கிழக்குக்குப் போனவர்களின் காசில் வீடுகள் எழுந்த காலம். வாப்பா 1979இல் மேசையில் பூட்டிய சக்கர வாள் ஒன்றை வாங்கினார். நானா இரண்டு நாள் அதன் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் நிறுத்தி வைத்த வாளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாளுக்குப் பின்னால் செங்குத்தாக நின்ற ஓர் இரும்புத் தகட்டைத் தொட்டு, "இது என்னத்துக்கு?" என்று கேட்டார். எங்களில் எவருக்கும் தெரியவில்லை. கூட வந்த சிறு புத்தகம் ஜப்பான் மொழியில் இருந்தது.

இப்போது தெரிந்ததைச் சொல்கிறேன். சக்கர வாளின் முன்பல் கீழ் நோக்கி வெட்டி மரத்தை மேசையோடு அழுத்தும். பின்பல் மேல் நோக்கி எழும். மரத்தை நீளவாக்கில் பிளக்கும்போது உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் விடுபட்டு, வெட்டிய வாய் சில நேரம் மூடிக்கொள்ளும். பலாவில் இது அதிகம். அப்படி மூடினால் வாளின் பின்பாகத்தை மரம் கவ்வும். எழும் பற்கள் பலகையைத் தூக்கி, தள்ளிக்கொண்டிருப்பவன் மேலேயே எறியும். கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. பலகை போன வேகத்தில் அதைப் பிடித்திருந்த கை வாளை நோக்கி இழுபடும். பின்னால் நிற்கும் அந்தத் தகட்டுக்கு ஒரே வேலைதான்: வெட்டிய வாய் மூடாமல் பிடித்துக்கொள்வது.

1981இல் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரங்கள். பெருநாளுக்குப் பின் வரிசையாகக் கலியாணங்கள். கட்டில், அலுமாரி, கண்ணாடி மேசை என்று ஓடர் குவிந்திருந்தது. அலுமாரியின் முதுகுப் பலகை இறங்குவதற்குச் சட்டத்தில் காடி எடுக்க வேண்டும். காடி என்றால் வாள் மரத்தின் மேல்முகம் வரை வராமல் பாதி ஆழத்தில் ஓட வேண்டும். தகடு நின்றால் அது நடக்காது. மேல் மூடியும் இடிக்கும். "ரெண்டையும் கழட்டிரு" என்று வாப்பா சொன்னார். கழற்றியது நான். வயது 17, உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன், லீவுக்குப் பட்டறையில் நின்றேன். காடி எடுத்து முடிந்ததும் திரும்பப் பூட்டவில்லை. நாளைக்கும் காடி இருக்கிறதே, எதற்கு நாலு நட்டைத் திரும்பத் திரும்ப முறுக்குவது என்று நினைத்தேன். யாரும் என்னைக் கேட்கவுமில்லை.

அடுத்த நாள் அஸருக்கு முன் நானாவின் கையாள், 19 வயதுப் பையன், அதே வாளில் பலாப் பலகை பிளந்தான். சத்தம் கேட்டுத் திரும்பியபோது பலகை சுவரடியில் கிடந்தது. இடக்கையில் இரண்டு விரல் போயிருந்தன. நானா தன் தோள் துண்டால் கையைச் சுற்றி, தூக்கிப் பிடிக்கச் சொல்லி, முச்சக்கர வண்டியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். விரல்களைத் தேடி எடுத்துப் போக வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. சுத்தமான துணியில் சுற்றி, பையிலிட்டு, பையை ஐஸில் வைத்துக் கொண்டுபோனால் சில நேரம் தைக்கலாம் என்பதை அன்று ஒருவரும் அறியோம்.

வாப்பா கல்நெஞ்சர் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவும் மூன்று மாதச் சம்பளமும் கொடுத்தார். வீட்டுக்கு அரிசி அனுப்பினார். அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மேல் பொறுப்புச் சாட்டச் சொன்ன ஹதீஸ் தெரியாதவரல்ல அவர். கடையின் பூட்டை இரவில் மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். அந்த ஹதீஸ் பட்டறையின் வாளுக்கும் பொருந்தும் என்பது அவருக்கோ எனக்கோ தோன்றவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

சட்டம் அப்போதே இருந்தது. 1934ஆம் ஆண்டு 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணையில் எந்த உறுப்பு போனால் உழைக்கும் சக்தியில் எத்தனை வீதம் இழப்பு என்று வரிசையாக இருக்கிறது. கட்டைவிரலுக்கு ஒரு வீதம், சுட்டுவிரலுக்கு ஒன்று, அதன் நுனிக்கு வேறொன்று. 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆபத்தான பொறிகளுக்கு மறைப்பு வேண்டும் என்கிறது. இவற்றை நான் வாசித்தது விபத்து நடந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு. பையனின் வீட்டார் கேட்கவில்லை. கேட்கலாம் என்று அவர்களுக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை, எங்களுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்போமா என்ற கேள்விக்கு என்னிடம் நேர்மையான பதில் இல்லை.

விரல் போனால் கண்ணுக்குத் தெரியும். தூள் தெரியாது. இங்கிலாந்தில் ஹை விகம் என்ற ஊர் கதிரை செய்வதில் பேர் போனது. 1960களில் அங்கே காது மூக்கு தொண்டை வைத்தியராயிருந்த எஸ்மி ஹட்ஃபீல்ட், மூக்கின் உள்ளறையில் வரும் அபூர்வமான ஒரு புற்றுநோய் தளபாடத் தொழிலாளரிடம் கூடுதலாகக் காணப்படுவதைக் கவனித்தார். அவரும் டொனல்ட் அச்சிசன் முதலியோரும் 1968இல் அதை வைத்தியச் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. எங்கள் பட்டறையில் கைவாள் காலத்துத் தூள் கனமானது, காலடியில் விழும். பொறி வந்த பின் எழுந்தது மாவு போன்ற தூள். வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும் தெரியும். நானா கடைசிப் பத்து வருடம் இருமிக்கொண்டே இருந்தார். பீடியும் குடித்தவர்தான்; ஆகவே தூளின் மேல் நான் பழி போடவில்லை. ஆனால் மூக்கில் கட்ட அவருக்கு ஒரு துணிகூட நாங்கள் கொடுத்ததில்லை.

1983 ஆடிக்குப் பின் பொலிஷ் வேலை செய்த தமிழர் திரும்பி வரவில்லை. வெள்ளவத்தையில் அவர் இருந்த வீடு எரிந்து போனது. கடையும் அதற்குப் பின் பழையபடி ஓடவில்லை. நானாவின் கடைசிப் பெரிய வேலை ஒரு பள்ளிவாசல் மிம்பர். தேக்கில், முளை மட்டும் அடித்துச் செய்தார். வச்சிரப் பசை வேண்டாம் என்றார். எந்த மிருகத்தின் தோலில் காய்ச்சியதோ தெரியாது, அது மிம்பருக்கு ஆகாது என்பது அவர் கட்சி.

மிம்பர் என்றதும் இரண்டு விடயம் நினைவுக்கு வருகிறது. மஸ்ஜிதுந் நபவியின் முதல் மிம்பரைச் செய்தது ஓர் அன்சாரிப் பெண்மணியிடம் அடிமையாயிருந்த தச்சர் என்றும், மரம் காபா என்ற இடத்திலிருந்து வந்தது என்றும் புகாரியில் வருகிறது. அந்தத் தச்சரின் பெயர் என்ன என்பதில் கருத்துகள் பல. இப்னு ஹஜர் தமது விரிவுரையில் பல பெயர்களைத் தருகிறார். மரம் எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கும் தெளிவு, செய்தவரின் பெயரில் இல்லை. வாப்பாவின் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

மற்றது பைத்துல் முகத்தஸ் மிம்பர். நூருத்தீன் ஸங்கி 1168இல் அலெப்போவில் செய்யச் சொல்லி, 1187க்குப் பின் ஸலாஹுத்தீன் அக்ஸாவுக்குக் கொண்டு போனது. ஆணியோ பசையோ இல்லாமல் ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்த வேலை. 1969 ஆகஸ்ட் 21இல் தீ வைக்கப்பட்டு எரிந்தது. அதேபோல ஒன்றை ஜோர்தானின் சல்ட் நகரில் செய்து 2007இல் வைத்தார்கள். இடையில் கிட்டத்தட்ட நாற்பது வருடம். கோக்கும் முறை கைவிட்டுப் போயிருந்ததால் பழைய புகைப்படங்களையும் எஞ்சிய துண்டுகளையும் வைத்து அதைத் திரும்பக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நமது பள்ளிவாசல்களிலுள்ள பழைய மிம்பர்களின் அடியைக் குந்திப் பார்த்து, அளவெடுத்து, எந்தப் பொருத்து என்று எழுதி வைக்க இன்னும் நமக்கு நேரம் இருக்கிறது. யார் செய்தது என்று கேட்டுப் பார்க்க நினைவுள்ள கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

நான் அதைத் தொடங்கியிருக்கிறேன். முதலில் போனது அந்தப் பையனிடம். இப்போது அவருக்கு அறுபது கடந்துவிட்டது. விபத்துக்குப் பின் ஒரு வருடத்தில் வேலைக்குத் திரும்பி, எட்டு விரலால் நாற்பது வருடம் அலுமாரி செய்தவர். கொட்டாஞ்சேனையிலேயே சொந்தப் பட்டறை, மகன்மார் நடத்துகிறார்கள். தகட்டைக் கழற்றியது நான்தான் என்று அன்றைக்குத்தான் முதல் முறையாக அவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தெரியும். நானா அண்டைக்கே சென்ன" என்றார்.

பெயரைப் போட்டு எழுதட்டுமா என்று கேட்டேன்.

"பேரு வேணாம். மகளுக்குப் பேசிக்கிட்டு ஈக்கிற நேரம். தகட்டப் பத்தி எழுதுங்க, சரியா எழுதுங்க" என்று சொல்லி எழுந்துபோய், ஓடாமல் நின்ற வாளின் பக்கத்தில் என்னைக் குந்த வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் சொன்னபடியே தருகிறேன். தகடு வாளின் உடம்பை விடச் சற்றுத் தடிப்பாகவும், வாள் வெட்டும் வாயை விடச் சற்று மெல்லிசாகவும் இருக்க வேண்டும். வாளின் பின்பல்லுக்கும் தகட்டுக்கும் நடுவில் சுண்டுவிரல் போகக் கூடாது. கால் அங்குலம் சரி. உயரம் வாளின் உச்சிக்கு ஒரு மயிரளவு கீழே. காடி எடுக்கக் கழற்றினால், கழற்றியவனே, வாளை நிறுத்தி, கரண்டை இழுத்துவிட்டு, அடுத்த பலகையை எடுப்பதற்கு முன் திரும்பப் பூட்ட வேண்டும். கையுறை போடக் கூடாது, பல் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். கடைசி ஒரு சாண் மரத்தைக் கையால் தள்ளக் கூடாது, தள்ளுகட்டையால் தள்ள வேண்டும். பலகைக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கமாக நில். பலா என்றால், பிளந்துகொண்டு போகும்போது வாய் மூடுகிறதா என்று ஒரு கண் அங்கேயே இருக்கட்டும்.